கல்லுக் கப்பலின் நான்கு வாளிகள்

போன மாதம் மார்க்கம் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளையின் சித்தி எங்கள் மேசைக்கு வந்து என்னைத் தன் கணவருக்கு அறிமுகப்படுத்தினார்.

"இவதான் கௌரி. முந்தி நீச்சல் ரீச்சரா இருந்தவ."

நான் சிரித்துவிட்டுச் சாப்பிட்டேன். ரொறன்ரோவில் எங்கள் சனங்களுக்கு நான் எப்போதும் நீச்சல் ரீச்சர்தான். திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டேன். "தண்ணிக்கு அடியில வேலை" என்று சொன்னால், "சுறா இருக்கோ?" என்று கேட்பார்கள். ஒன்ராறியோ ஏரி நன்னீர், அதில் சுறா இல்லை என்றால் அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விடும். இப்போது நான் போகும் முதியோர் சங்கம் மலர் போடுகிறது; உத்தியோக அனுபவம் ஒன்று எழுதித் தரச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் இருபத்தெட்டு வருடம் தொழில்முறை முக்குளிப்பாளராக இருந்தேன். குடிதண்ணீர்க் குழாய்களின் வாய், துறைமுகச் சுவர், பாலத்தின் கால் என்று தொடங்கி, கடைசிப் பதினெட்டு வருடம் மீன் ஆராய்ச்சியாளர்களோடு மூழ்கிய கப்பல்களில் வேலை செய்தேன்.

இதற்கு எப்படி வந்தேன் என்பது சின்னக் கதை. இருபத்து மூன்று வயதில் அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் அண்ணாவின் வீட்டில் பதினான்காம் மாடியில் இருந்தேன். முதல் வேலை ஒரு நீச்சல் குளத்தில் தரை கழுவுவது. அங்கே வேலை செய்பவர்களுக்கு நீச்சல் வகுப்பு இலவசம். வேறு எதுவும் இலவசமாகக் கிடைக்காத காலம், ஆகவே சேர்ந்தேன். ஆறு மாதத்தில் நீந்தினேன், இரண்டு வருடத்தில் அதே குளத்தில் உயிர்காப்பாளர் ஆனேன். ஒருநாள் ஆழமான முனையில் ஸ்கூபா வகுப்பு நடந்தது. ஆள் குறைகிறது என்று ஒரு சிலிண்டரை என் முதுகில் கட்டிவிட்டார்கள். தண்ணீருக்குள் முதன்முதலாக மூச்சை உள்ளே இழுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தொழிற்கல்லூரி. வகுப்பில் பதினெட்டு ஆண்கள், நான் ஒருத்தி. கடைசிச் சோதனையில் மூன்றாவதாக வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது வோல்டரைப் பற்றி.

நான் சேர்ந்த கம்பனியில் வோல்டர்தான் மேற்பார்வையாளர். அறுபதை நெருங்கிய, மெலிந்த, சத்தம் போடாத மனிதர். அவர் பேசியது ஆங்கிலம். இப்போது நினைக்கும்போது எல்லாமே தமிழில்தான் கேட்கிறது. 'கவனம்' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக, தண்ணீரில் இறங்கப்போகிறவர் அவர் முன்னால் நின்று முழுத் திட்டத்தையும் வாயால் சொல்ல வேண்டும். எத்தனை அடி, எத்தனை நிமிடம், எவ்வளவு காற்றில் திரும்புவது, கயிறு எங்கே, கத்தி எங்கே. எங்கேயாவது தடக்கினால் அவர் கோபிக்க மாட்டார். "முதலிலிருந்து" என்பார், அவ்வளவுதான். ஜனவரிக் குளிரில், நாற்பது கிலோ பாரத்தோடு நின்றுகொண்டு, முதலிலிருந்து.

மூன்றாம் நாள் என் சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் கேட்டார். நிறைந்த சிலிண்டர் என்றால் மானி மூவாயிரம் காட்டும்.

"எவ்வளவு இருக்கு?"

"கிட்டத்தட்ட மூவாயிரம்."

"கிட்டத்தட்ட என்றால்?"

நான் மானியைப் பார்த்தேன். இரண்டாயிரத்து எழுநூறு. வோல்டர் அதைக் கொப்பியில் எழுதினார். "இன்றைக்கு நீ இறங்கவில்லை, கயிறு பிடி" என்றார். அன்று முழுவதும் வேறொருவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழவில்லை. அதற்குப் பிறகு கடைசி நாள்வரை என் வாயில் 'கிட்டத்தட்ட' வந்ததில்லை. வீட்டில்கூட வராது. உப்பு எவ்வளவு போட்டீர் என்று என் மனிசன் கேட்டால் கரண்டிக் கணக்கில் சொல்வேன்.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. நாங்கள் எந்த ஆழத்துக்குப் போனாலும், படகுக்குக் கீழே பதினைந்து அடியில் இரண்டு நிறைந்த சிலிண்டர்களைக் கயிற்றில் தொங்கவிடுவார். மேலே வரும்போது அந்த ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, உடம்பில் ஏறிய வாயு வெளியேறிய பிறகுதான் வெளியே வர வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குக் காற்றுப் போதாமல் போனால் என்ன செய்வது என்பதற்காகத்தான் சிலிண்டர்கள். பதினொரு வருடம் அவற்றைத் தொங்கவிட்டோம், பதினொரு வருடம் தொடாமலே ஏற்றினோம். கைவிரல் விறைக்க அவற்றை இழுத்து ஏற்றும்போது எல்லோரும் முணுமுணுப்போம். நானும்தான்.

இனிக் கல்லுக் கப்பல்.

ஸ்காபரோ மணற்பாறைகளுக்கு வெளியே, தொண்ணூறு அடி ஆழத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் கிடக்கிறது. கட்டடத்துக்கான சுண்ணாம்புக் கல் ஏற்றிக்கொண்டு போகும்போது புயலில் மூழ்கியது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் கல்லுக் கப்பல் என்றுதான் சொல்வோம். ஒரு பக்கம் பிளந்து, வயிற்றிலிருந்த கல் முழுவதும் ஏரித்தரையில் சரிந்து பரவியிருக்கிறது. அந்தச் சரிவுக்கு மேலே மேல்தளத்தின் இரும்புத் தகடு ஒன்று தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் தரம் இறங்கியபோது இரும்பு எங்கே என்று தேடினேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மட்டிதான். தூர தேசத்திலிருந்து, கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பும் தண்ணீரோடு வந்து சேர்ந்த, விரல் நகமளவு மட்டிகள். நங்கூரம், சங்கிலி, ஏணி, கைபிடி என்று எதையும் விடாமல் மூடியிருந்தன. அவை தண்ணீரை வடிகட்டி வடிகட்டி ஏரியைக் கண்ணாடிபோல ஆக்கிவிட்டன. நாற்பதடி தள்ளி நிற்கும் ஆள் தெரியும். அழகுதான், ஆனால் மற்ற உயிர்களின் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் வடிகட்டிவிட்டன. கற்களுக்கிடையே கோபி என்ற தவளைமுகக் குட்டிமீன் ஆயிரக்கணக்கில் திரியும். அதுவும் வந்தேறிதான், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். தகட்டுக்குக் கீழே ஒரு பர்பட் மீன் குடியிருந்தது. விலாங்குபோல நீண்ட உடம்பு, நாடியில் ஒற்றை மயிர். லைற் அடித்தால் ஓடாது. யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்பதுபோல முறைத்துப் பார்க்கும்.

இந்தக் கப்பலுக்கு எங்களைக் கூட்டிப் போனவர் றிஸ்வான். மீன் ஆராய்ச்சியாளர், மன்னாரிலிருந்து சின்ன வயதில் வந்தவர், ரெக்ஸ்டேலில் குடும்பம். என்னைவிட ஏழு வயது இளையவர். படகில் மற்றவர்களோடு ஆங்கிலம், என்னோடு மட்டும் தமிழ்.

அவருடைய பிரச்சினை இதுதான். ஏரிக்கு அடியால் ஒரு மின்கம்பி போடத் திட்டமிட்டிருந்தார்கள். அதன் பாதை கல்லுக் கப்பலின் சரிவுக்கு நடுவால் போனது. கல்லை அள்ளி அகற்றிவிட்டு ஓர் அகழி வெட்டுவார்கள். பாதையை நவம்பரில் ஒரு கூட்டத்தில் முடிவு செய்ய இருந்தார்கள். றிஸ்வானுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த ஏரியில் ஒருகாலம் நிறைந்திருந்த ஏரி ட்ரவுட் மீன் அற்றுப்போய்விட்டது. இப்போது இருப்பவை பெரும்பாலும் பண்ணையில் வளர்த்து விடப்பட்டவை. அவை தாங்களாக முட்டையிட்டுப் பெருகுவது அபூர்வம். முட்டையிடுவதற்கு இடுக்குள்ள சுத்தமான கல் வேண்டும். அந்தக் கல் இந்தக் கப்பலில் இருக்கிறது.

"சந்தேகம் எண்டு சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குப் போக ஏலாது அக்கா" என்றார் றிஸ்வான். "முட்டை வேணும். கையில வேணும்."

செப்டெம்பரில் ஆறு வாளிகளைக் கல்லுக்குள் புதைத்தோம். வாய்க்கு வலை போட்டு, முட்டை விழும், கோபி நுழையாது என்கிற மாதிரிச் செய்தவை. இரண்டை வெளிச்சரிவில் வைத்தோம். நான்கைத் தகட்டுக்குக் கீழே வைத்தோம். நவம்பரில் எடுப்பதாகத் திட்டம்.

நவம்பர் வந்தது. காற்று நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஏரி அடங்கியது. கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள். படகின் தரையில் மெல்லிய பனிக்கட்டி. நானும் றிஸ்வானும் இறங்குவது, நான் முன்னணி, கீழே முடிவெடுப்பது நான். டானியல் என்ற முக்குளிப்பாளர் முழு உடுப்போடு படகில் தயாராக இருப்பது. வோல்டர் முன்னால் நின்று திட்டத்தை ஒப்புவித்தோம். றிஸ்வான் ஒரு தரம் தடக்கினார், "முதலிலிருந்து" என்றார் வோல்டர்.

வெளிச்சரிவு வாளிகள் இரண்டையும் எடுத்துக் காற்றூதிய மிதவைப் பையில் கட்டி மேலே அனுப்பினோம். அவற்றில் மட்டியும் மண்ணும்தான் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. றிஸ்வான் என்னைப் பார்த்துத் தகட்டுப் பக்கம் கைகாட்டினார். என் மானியில் இரண்டாயிரத்து நூறு. நேரம் இருந்தது. ஓம் என்று சைகை செய்தேன்.

தகட்டின் விளிம்பில் பழைய மீன்பிடி வலையொன்று தொங்கியது. செப்டெம்பரில் அது மேலே சுருண்டு கிடந்தது. புயல் அதை இறக்கிவிட்டிருந்தது. நான் அதை விலக்கிப் பிடித்தேன், றிஸ்வான் உள்ளே குனிந்தார். முதல் வாளியில் கை வைத்தார். அந்த நேரம் அவருடைய றெகுலேற்றர் உறைந்தது.

சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருவது றெகுலேற்றர். மூச்சு இழுக்கும்போது மட்டும் திறக்க வேண்டியது. கடுங்குளிரில் உள்ளே ஐஸ் பிடித்தால் திறந்தபடியே நின்றுவிடும். அப்போது காற்று வெடித்துப் பீறிடும், சிலிண்டர் சில நிமிடத்தில் காலியாகிவிடும். ஒரே நொடியில் றிஸ்வானின் தலை குமிழிகளுக்குள் மறைந்தது. அவர் பின்னால் துள்ளினார், வலை அவர் தோளிலும் சிலிண்டரிலும் விழுந்தது. நெஞ்சில் கட்டியிருந்த அவசரச் சின்னச் சிலிண்டரின் குழாயும் வலைக்குள் அகப்பட்டது. மண் கிளம்பிற்று. நாற்பதடி தெரிந்த இடத்தில் என் கையே தெரியவில்லை.

நான் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் பயம் ஒரு பக்கம் நின்றது, கை மற்றப் பக்கம் வேலை செய்தது. முதலில் அவருடைய தோள்பட்டியைப் பிடித்தேன். பிறகு என் உபரி றெகுலேற்றரை அவர் வாயில் வைத்தேன். அவர் கடித்துப் பிடித்து, இரண்டு தரம் மூச்சு விட்டார் என்று கையால் உணர்ந்த பிறகுதான் அவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு அவருடைய சிலிண்டரை மூடினேன். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் மூடினால் அந்த ஆள் காற்றில்லாமல் உங்களோடு சண்டை பிடிப்பார், இருவரும் போய்விடுவீர்கள்.

குமிழி நின்றதும் அமைதி. அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும், ஓடி வந்த நாய்போல. அவர் முகக்கண்ணாடியோடு என் முகக்கண்ணாடியை ஒட்டவைத்து, என் கண்ணைப் பார்க்க வைத்தேன். கத்தியைக் காட்டினேன். தலையாட்டினார். ஒவ்வொரு நூலாக வெட்டினேன். வலைநூல் நைலோன், மட்டி பிடித்துக் கனத்துக் கிடந்தது. அவசரப்பட்டால் அவருடைய உடுப்பைக் கிழித்துவிடுவேன், கிழிந்தால் ஐந்து பாகைத் தண்ணீர் உள்ளே போகும். மூன்று நிமிடம் எடுத்தது. பிறகு மணிக்கட்டில் கட்டியிருந்த முக்குளிப்புக் கணினியில் பார்த்துத்தான் அது மூன்று நிமிடம் என்று தெரிந்தது.

விடுபட்டதும் அவருடைய சின்னச் சிலிண்டரைக் காட்டினேன், அதற்கு மாறச் சொல்லி. அதுதான் முறை. அவர் என் குழாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துத் தலையை ஆட்டினார். மாட்டேன். நான் வற்புறுத்தவில்லை. காற்றுக் கிடைத்துவிட்ட ஒரு பயந்த மனிதனிடம், அந்தக் காற்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறு என்று சொல்ல அது நேரமில்லை. ஒரே சிலிண்டரில் இருவராக, வரும்போது கட்டிக்கொண்டு வந்த வழிக்கயிற்றைக் கையால் தடவித் தடவி நங்கூரக் கயிற்றுக்கு வந்தோம். மெதுவாக ஏறினோம். மேலே ஓடத்தான் உடம்பு சொல்லும். நான் அவருடைய பட்டியை விடாமல், நிமிடத்துக்கு முப்பது அடிக்கு மேல் ஏற விடவில்லை.

பதினைந்து அடியில் அந்த இரண்டு சிலிண்டர்களும் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சத்தில் அவற்றைக் கண்டதும் றிஸ்வானே என் குழாயை விட்டுவிட்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மூன்று நிமிடம் நின்றோம். அவர் என் கையை விடவே இல்லை.

படகில் ஏறியதும் வோல்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"எவ்வளவு இருக்கு?"

"இருநூற்று அறுபது."

எழுதினார். றிஸ்வானுக்கு ஒக்சிசன் முகமூடி போட்டார். என் தோளில் கை வைத்தார். ஒரு விநாடி இருக்கும். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தரம்தான். பிறகு எங்கள் இருவரையும் படகின் இரண்டு முனையில் இருத்தி, ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் நடந்ததைத் தனித்தனியாக எழுதச் சொன்னார்.

றிஸ்வான் நேர்மையாக எழுதினார். இறங்குவதற்கு முன், திரும்ப ஒருக்காச் சரிபார்ப்போம் என்று உறைகுளிர்க் காற்றில் நின்றபடி றெகுலேற்றரில் நாலைந்து மூச்சு விட்டிருக்கிறார். மூச்சின் ஈரம் உள்ளே போய் ஐஸாகிவிட்டது. தண்ணீருக்குள் போகும்வரை அதில் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் விதி. என் தாளில் நான் எழுதியது: "முன்னணி நான். அவர் மூச்சு விட்டதை நான் பார்த்திருக்க வேண்டும். வலை இறங்கியிருந்ததைக் கண்டதும் திரும்பியிருக்க வேண்டும்." வோல்டர் இரண்டையும் வாசித்து மடித்து வைத்தார். "சரி" என்றார். அவர் 'சரி' என்றால் சரியாக எழுதியிருக்கிறாய் என்று அர்த்தம்.

வீட்டில் என் மனிசன் சிவா, போக்குவரத்துச் சபையில் பஸ் ஓட்டுகிறவர், தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேத்திலைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து இருந்தார்.

"அந்தாள் இப்ப எப்பிடி?"

"நல்லா இருக்கிறார்."

"நீர்?"

"நானும்."

"அப்ப மிச்ச வாளி?"

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். இந்த மனிதரைக் கட்டியது நல்ல வேலை என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த நாள் கம்பனி அலுவலகத்தில் றிஸ்வான் சொன்னது வேறு.

"விடுங்கோ அக்கா. முட்டைக்காக இன்னொராள் வலைக்குள்ள போக நான் விடமாட்டன். உங்கட பிள்ளையளிட்ட நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"நீங்க இறங்க வேண்டாம். நான் இறங்குறன்."

"கௌரி அக்கா, ப்ளீஸ். அல்லாஹ் ஒருக்காத்தான் இப்பிடிக் காப்பாத்துவான்."

"அவன் காப்பாத்தினவன்தான். ஆனா வலையை வெட்டினது நான். எப்பிடி வெட்டுறதெண்டு இப்ப எனக்குத் தெரியும்."

வோல்டரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னேன். முதல் இறக்கத்தில் வாளியைத் தொடுவதில்லை. வெளியில் நின்று வலை முழுவதையும் வெட்டி, மிதவைப் பையில் கட்டி மேலே அனுப்புவது. மேலே வந்து, இரண்டு மணித்தியாலம் ஓய்வு. இரண்டாவது இறக்கத்தில் தகட்டுக்குக் கீழே ஒருவர், வெளியில் ஒருவர். குளிருக்கென்று செய்த றெகுலேற்றர்கள், அவற்றில் படகில் வைத்து எவரும் மூச்சு விடுவதில்லை, நானே பார்ப்பேன். அழுத்தம் இரண்டாயிரத்துக்கு இறங்கினால் எங்கே நின்றாலும் திரும்புவது.

அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்:

"முதலிலிருந்து."

நான் எங்கும் தடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்துப் படகுக்காரரை அழைத்தார்.

ஏரி எங்களுக்கு ஒரேயொரு நாள்தான் தந்தது. டானியலும் நானும் இறங்கினோம். வலை ஒரு மிதவையில் தொங்கிக்கொண்டு மேலே போனபோது, அதில் மாட்டிச் செத்த மீன்களின் எலும்புகள் மழைபோல உதிர்ந்தன. இரண்டாவது இறக்கத்தில் தகட்டுக்குக் கீழே நான் போனேன். பர்பட் தன் மூலையில் இருந்தது. அதைக் குழப்பாமல் ஒரு பக்கத்தால் ஊர்ந்து, வாளிகளை ஒவ்வொன்றாக மூடி போட்டுக் கிளப்பினேன். நான்கும் வந்தன. மானியில் இரண்டாயிரத்து ஐம்பது. திரும்பினேன்.

படகில் றிஸ்வான் முதல் வாளியை வெள்ளைத் தட்டில் ஊற்றினார். மண். இரண்டாவதில் மட்டி. மூன்றாவதில் மட்டியும் ஒரு கோபியும். அது எப்படி உள்ளே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும். நான்காவதை ஊற்றிவிட்டு அவர் தட்டின்மேல் குனிந்தார். தட்டில், பயற்றைவிடக் கொஞ்சம் பெரிசாக, தேன் நிறத்தில் உருண்டைகள். செத்த முட்டையென்றால் பால்போல வெளுத்திருக்கும். இவை வெயிலில் ஊடுருவித் தெரிந்தன.

"பதினேழு" என்றார். ஒருக்காத் திரும்ப எண்ணினார். "எல்லாம் உயிரோட."

அந்தப் பதினேழோடு அவர் கூட்டத்துக்குப் போனார். நானும் போனேன், பின்வரிசையில் இருந்தேன். முட்டை எங்கே, எந்தக் கல்லுக்குக் கீழே, எப்படி எடுத்தது என்று ஒருவர் கேட்டபோது றிஸ்வான் திரும்பி, "எடுத்தவரிடமே கேளுங்கள்" என்றார். நான் எழும்பி, அடிக்கணக்கிலும் நிமிடக்கணக்கிலும் சொன்னேன். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. பனிக்காலம் முடிவதற்குள் மின்கம்பியின் பாதையைக் கப்பலுக்குத் தெற்கே தள்ளி வரைந்துவிட்டார்கள். கல் அப்படியே கிடக்கிறது.

மே மாதம் திரும்பப் போனோம். முட்டை இருந்தது சரி, குஞ்சு பொரித்ததா என்று பார்க்க வேண்டும். றிஸ்வான் இறங்கவில்லை, அந்த வருடம் அவர் தண்ணீருக்குள் போகவே இல்லை. டானியலும் நானும் இறங்கினோம். தண்ணீர் இன்னும் ஐந்து பாகைதான். கல்மேல் குப்புறப் படுத்து, லைற்றை அணைத்துவிட்டு, மேலிருந்து வரும் பச்சை வெளிச்சத்தில் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது நிமிடம் ஒரு நிழல் அசைந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன்குஞ்சு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள், இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிறகு இன்னொன்று. கண் பழகியதும் கல்லெல்லாம் அசைவதாகத் தெரிந்தது. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், யாரும் வளர்த்து விடாத, இந்த ஏரியிலேயே பிறந்த மீன்கள். டானியல் வந்து தோளில் தட்டும்வரை எழும்பவில்லை.

மேலே வந்தபோது றிஸ்வான் படகின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கக் குனிந்திருந்தார்.

"அக்கா! இருக்கா?"

குளிரில் என் உதடு விறைத்துச் செத்துப்போயிருந்தது. வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தண்ணீரில் மிதந்தபடியே இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். மூடினேன். திரும்ப விரித்தேன். திரும்பவும். ஐந்தாவது தரம் விரித்தபோது அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் படகின் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் விரித்துக்கொண்டே இருந்தேன்.